கடல் கடந்த பாட்டும் கரையில் நின்ற சரித்திரமும்

தொண்டைமானாற்றிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களிலும் நம் மாணவர் சிலர் கொரியப் பாடல்களையும் யப்பானியப் பாடல்களையும் கேட்டு மகிழ்கின்றனர். பொருள் விளங்காத பாட்டில் என்ன இரசனை என்று பெரியோர் சினக்கின்றனர். இசைக்கு மொழியில்லை என்று இளைஞர் விடையிறுக்கின்றனர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: பாட்டுக்குச் சரித்திரம் உண்டு. பாட்டு கடலைக் கடக்கும்போது அச்சரித்திரம் பெரும்பாலும் பிறந்த கரையிலேயே நின்றுவிடுகிறது. விற்பவனுக்கு அது வேண்டாத சுமை.

கடல் கடந்து வருவனவற்றை வரவேற்பது நமக்குப் புதிதன்று. சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானின் பெயரே இவ்வூருக்கு வாய்த்தது என்பது ஐதிகம். நம்மிடமிருந்தும் பாட்டு கடல் கடந்தது. 1952 முதல் இந்திய ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. இந்திய நேயர் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை நாடினர். பற்பசை விளம்பரத்தைச் சுமந்த ‘பினாக்கா கீத்மாலா’ அந்த ஆண்டிலேயே தொடங்கியது. அயல்நாட்டு இரசிகனை வாடிக்கையாளனாக்கும் வித்தைக்கு நம் நாட்டு வானொலியே பழைய சாட்சி.

யப்பானைப் பார்ப்போம். அந்நாட்டு விமானங்கள் 1942 ஏப்ரிலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. இருபத்தோராண்டுகளின் பின் அங்கிருந்து உலகெங்கும் சென்றது ஒரு பாட்டு. அதன் பிறப்பை அறிதல் வேண்டும். 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து யப்பானிய மாணவரும் தொழிலாளரும் இலட்சக் கணக்கில் தெருவில் இறங்கினர். யூன் 15ஆம் நாள், பாராளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலிலே கன்பா மிச்சிக்கோ என்ற மாணவி உயிரிழந்தாள். ஆயினும் ஒப்பந்தம் நிறைவேறிற்று. ஊர்வலங்களிற் கலந்துகொண்ட கவிஞர் ஏய் ரொக்குசுகே அத்தோல்வியின் ஏக்கத்தைப் பாட்டாக்கினார். நாக்கமுரா ஹச்சிதாய் இசையமைக்க, 1961இல் சக்கமோத்தோ கியூ பாடினார். ‘மேலே பார்த்தபடி நடப்போம்’ என்பது அதன் தலைப்பின் பொருள்.

மேல்நாட்டு இசைத்தட்டு வணிகர் அதற்கு வைத்த பெயர் ‘சுக்கியாக்கி’. அது இறைச்சியும் மரக்கறியும் சேர்த்துச் சமைக்கும் ஓர் உணவின் பெயர்! நமது ஒப்பாரியொன்றை ‘ஒடியற்கூழ்’ எனப் பெயரிட்டு விற்பதை ஒத்தது இது. 1963 யூன் 15ஆம் திகதியிட்ட அமெரிக்கப் ‘பில்போர்ட்’ பட்டியலில் அது முதலிடம் பெற்றது. அன்று கன்பா மிச்சிக்கோ இறந்து சரியாக மூன்றாண்டு. அமெரிக்க ஒப்பந்தத்தை எதிர்த்தோரின் துயரம் அமெரிக்கச் சந்தையிலேயே உணவுப் பெயரில் விலைபோயிற்று.

கொரியாவின் கதையும் இத்தகையதே. கிம் மின்-கி இயற்றி, யாங் ஹீ-உன் 1971இல் பாடி வெளியிட்ட ‘காலைப் பனித்துளி’யைச் சர்வாதிகார அரசு 1975இல் தடைசெய்தது. தடை பாட்டை மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. 1987இன் சனநாயகப் போராட்டத்தில் அது தெருவெங்கும் ஒலித்தது. பெண்கள் குழுவொன்று 2007இல் பாடிய கேளிக்கைப் பாட்டொன்றை, 2016 யூலையில் ஈவா மகளிர் பல்கலைக்கழக மாணவிகள் பொலிசாரின் முன் கைகோத்து நின்று பாடினர். 2024 டிசெம்பரில் இராணுவச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட இளம்பெண்கள், இசைநிகழ்ச்சிகளில் இரசிகர் ஏந்தும் ஒளிக்கோல்களையே ஏந்தி வந்தனர்.

அந்த ஒளிக்குப் பின்னே உழைப்பும் உண்டு. ‘தொங் பாங் சின் கி’ குழுவின் மூவர், தம்மைப் பதின்மூன்றாண்டுகள் பிணைத்த ஒப்பந்தத்தை எதிர்த்து 2009இல் நீதிமன்றம் சென்றனர். அவ்வாண்டிலேயே நியாய வணிக ஆணைக்குழு கலைஞர்களுக்கான மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டு, பிணைப்புக் காலத்துக்கு ஏழாண்டு எல்லை வகுத்தது. பாடகனும் கூலிக்கு உழைப்பவனே என்பதை மேடை வெளிச்சம் மறைத்துவிடலாகாது.

அயல்நாட்டு இரசிகர் வெறும் வாடிக்கையாளராகத்தான் இருத்தல் வேண்டுமா? 2020இல் தாய்லாந்து இளைஞர் இதற்கு விடை தந்தனர். அபிமானப் பாடகரின் பிறந்தநாளுக்கு பாங்கொக் ரயில் நிலையங்களில் விளம்பரம் செய்வது அங்குள்ள கொரிய இசை இரசிகரின் வழக்கம். ஆர்ப்பாட்டக்காரர் செல்ல முடியாதபடி நிலையங்கள் மூடப்பட்டபோது, அந்நிறுவனங்களுக்கு இனிப் பணமில்லை என்று இரசிகர் கூறினர். சனநாயகப் போராட்டத்துக்கு நிதி திரட்டினர்.

நமக்கு இன்னுமொரு கடமை உண்டு. தென் கொரியா 2004இல் நடைமுறைப்படுத்திய வேலை அனுமதித் திட்டத்தில் முதலிற் சேர்ந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பாட்டின் பொருளறிய மாணவி கற்கும் அதே கொரிய எழுத்தை, தொழிற்சாலைக்குச் செல்லத் துடிக்கும் இளைஞனும் பரீட்சைக்காகக் கற்கிறான். அங்கே தொழிலிடத்தைத் தன் விருப்பப்படி மாற்றும் உரிமை அவனுக்கில்லை. பாட்டை நேசிப்பவள் அவனையும் நினைத்தல் வேண்டும். அவ்வுரிமைக்காகக் கொரியத் தொழிலாளர் சங்கங்கள் எழுப்பும் குரலுக்கும் செவிகொடுத்தல் வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர் காதிலிருந்து பாட்டைப் பிடுங்காதீர்கள். அது யார் எழுதியது, எந்தத் தெருவில் பாடப்பட்டது, யாருக்கு இலாபம் தந்தது என்று கேளுங்கள். அக்கேள்விகளோடு கேட்கப்படும் பாட்டு எந்த மொழியினதாயினும் நமக்கு அந்நியமன்று.