பிரிப்புக்குறி (உரை அட்டவணைக் கோப்புகள்)

வெறும் உரையாகச் சேமித்த அட்டவணையில் ஒரு நிரல் முடிந்து அடுத்த நிரல் தொடங்குவதைக் காட்டும் எழுத்து பிரிப்புக்குறி எனப்படும். காற்புள்ளி, அரைப்புள்ளி, டேப் ஆகியவை பெருவழக்கு. அதே எழுத்து தரவுக்குள்ளும் வரும்போது, அது எல்லையன்று எனக் கணினிக்கு உணர்த்தும் ஏற்பாடு 'எஸ்கேப்'.

காற்புள்ளியால் நிரல்களைப் பிரிக்கும் சி.எஸ்.வி. கோப்புகளின் வழக்கத்தை 2005 ஒக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணம் எழுத்தில் வைத்தது. காற்புள்ளியோ வரிமுறிவோ உள்ள புலத்தை இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டும். உள்ளே மேற்கோள்குறி வந்தால் அதை இருமுறை எழுத வேண்டும். லயன் இலக்கம், டிவிஷன், தோட்டம், இறம்பொடை என நீளும் மலையக முகவரிக்கு இது போதும். சாய்கோட்டைப் பிரிப்புக்குறியாக வைத்தால் நுவரெலியா மாவட்டப் பாடசாலைப் பெயர்களின் முன்னே நிற்கும் 'நு/' உடைந்துவிடும்.

இலங்கையில் சிக்கலைப் பெரிதாக்குவது பாமினி எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களிலேயே தமிழை ஏற்றி வைத்தது. காற்புள்ளியின் இடத்தில் 'இ'. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே பாமினியில் அடித்த 'இறம்பொடை' கோப்புக்குள் காற்புள்ளியில் தொடங்குகிறது, நடுவே ஓர் அரைப்புள்ளியும் இருக்கிறது. காற்புள்ளியால் பிரித்தால் ஒரு வெற்றுப் புலமும் 'றம்பொடை'யும் கிடைக்கும். அரைப்புள்ளியால் பிரித்தால் 'இறம', 'பொடை' என இரு துண்டு. அந்த வரியில் மட்டும் எல்லாம் ஒரு நிரல் தள்ளிப்போய், சேமலாப நிதி இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் நிற்கும். பாமினியில் கண்ணுக்குக் காற்புள்ளியாகத் தெரிவதோ, கோப்பில் 'பெரிது' என்னும் கணிதக்குறி.

பின்சாய்கோட்டை முன்னிடும் எஸ்கேப் முறையும் இங்கே உதவாது. அந்த இடத்தில் பாமினி 'ஷ'வை வைத்திருக்கிறது. 'ரமேஷ்' என்ற பெயரில் 'ஷ' விழுங்கப்பட்டு வெறும் புள்ளி மிஞ்சும். எனவே பழைய பாமினிக் கோப்புகளுக்கு டேப்பே தக்கது: ஆஸ்கி எண் 9இல் உள்ள அந்த இடத்தை எந்தத் தமிழ் எழுத்தும் பிடிக்கவில்லை. ஆஸ்கியில் 30, 31 ஆகிய எண்கள் தரவைப் பிரிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவை; ஆனால் அவற்றை அடிக்க விசைப்பலகையில் தனி விசை இல்லாததால் வழக்கில் ஊன்றவில்லை.

யுனிகோடில் இந்த மோதல் இல்லை. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள்; மூன்றுமே 127ஐத் தாண்டியவை. காற்புள்ளியின் 44 அவற்றுள் ஒருபோதும் வராது.

மாற்றும்போதுதான் கவனம் மிக வேண்டும். பாமினிச் சி.எஸ்.வி. கோப்பை முழுதாக எழுத்துரு மாற்றியில் போட்டால் பிரிப்புக்குறிகள் அனைத்தும் 'இ' ஆகிவிடும். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வரும் ஆங்கில 'V' எழுத்து 'ஏ' ஆகிவிடும். முதலில் நிரல்களைப் பிரித்து, தமிழ் நிரல்களை மட்டும் யுனிகோடாக்கி, அதன்பின் கோப்பை எழுத வேண்டும்.