எல்லா மாணவருக்கும் ஒரு கணிப்பொறி



கம்ப்யூட்டர் எனப்படும் கணிப்பொறி இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழகிப்போன பொருள். ஆனால் 1960-ஆம் ஆண்டுவாக்கில் கல்லூரி மாணவர்கள்கூட அதைக் கிட்டப்போய்த் தொட முடியாது. துளையிட்ட அட்டைகளில் கணக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹானோவர் என்ற சிற்றூரில் டார்ட்மத் கல்லூரி இருக்கிறது. அங்கே கணிதம் கற்பித்த தாமஸ் கர்ட்ஸ், 1950-களின் பிற்பகுதியில் அட்டைகளை இரும்புப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, விடியற்காலையில் இரயிலேறி, பாஸ்டனுக்கு அருகிலுள்ள எம்.ஐ.டி. கல்வி நிலையத்துக்குப் போவார். இந்தப் பயணம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பிழை இருந்தால் அடுத்த பயணத்தில்தான் திருத்தலாம்!

அவருடைய மேலாளர் ஜான் கெமனி, 1926-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். 1940-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடியேறியவர். ஐன்ஸ்டைனுக்கு உதவியாளராகப் பணியாற்றியவர். அவர் எண்ணிப் பார்த்தார். டார்ட்மத் மாணவர்களில் நான்கில் ஒரு பங்கினரே அறிவியலும் பொறியியலும் படித்தார்கள். மற்றவர்கள் வரலாறு, இலக்கியம், பொருளாதாரம் படித்தார்கள். நாளைக்கு அரசாங்கத்திலும் வாணிபத்திலும் முடிவெடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தாமே? கணிப்பொறி அறியாத கையிலா அந்தப் பொறுப்பைக் கொடுப்பது? கல்லூரி நூலகத்தில் யாரும் புத்தகம் எடுப்பதுபோல், யாரும் வந்து கணிப்பொறியைப் பயன்படுத்த வேண்டும் என்று இருவரும் தீர்மானித்தார்கள்.

இருப்பதோ ஒரே பொறி. அதைப் பலருக்கு எப்படிப் பங்கிடுவது? கலியாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பரிமாறுகிறவர் ஓர் இலைக்கு முழுச் சாப்பாட்டையும் போட்டுவிட்டா அடுத்த இலைக்குப் போகிறார்? ஒவ்வோர் இலைக்கும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டே போகிறார். காத்திருக்கிறோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கணிப்பொறியும் அப்படியே, ஒவ்வொருவர் கணக்குக்கும் சிறிது நேரம் ஒதுக்கிச் சுற்றிவந்தது. இதற்கு ‘நேரப் பகிர்வு’ என்று பெயர். மாணவர்கள் தந்தி அலுவலகத்தில் இருப்பது போன்ற தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

மொழியும் வேண்டும். அப்போது வழக்கிலிருந்த ஃபோர்ட்ரான் மொழியில் ‘1, 10, 2’ என்று மூன்று எண்கள் வரிசையாக வரும். எது தொடக்கம், எது முடிவு, எது இடைவெளி? மறந்துபோகும். இவர்கள் ஆக்கிய ‘பேசிக்’ மொழியிலோ ‘1 டு 10 ஸ்டெப் 2’ என்று எழுதினால் போதும். உள்ளே வர ‘ஹலோ’, வெளியேற ‘குட்பை’.

இந்த அமைப்பை எழுதியவர்கள் பெரும்பாலும் பட்டம்கூடப் பெறாத மாணவர்கள் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பு. 1964 மே 1-ஆம் நாள் விடியற்காலை 4 மணிக்கு, கெமனியும் ஒரு மாணவரும் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் ‘ரன்’ என்று தட்டினார்கள். இரண்டிலும் சரியான விடை வந்தது.

அதன்பின் கணித வகுப்பில் இரண்டு மூன்று விரிவுரைதான். மீதியை மாணவர்கள் தாமே பொறியின் முன் கற்றார்கள். அவர்கள் எழுதியது சரியா என்று கணிப்பொறியே சோதித்துச் சொன்னதால், ஆசிரியர்களுக்குத் திருத்தும் சுமை குறைந்தது. கட்டணம் இல்லை. விளையாட்டுக்கும் தடையில்லை, அச்சம் தெளிய அதுவும் ஒரு வழி என்றார் கெமனி. தொலைபேசிக் கம்பி வழியாக அக்கம்பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளும் இணைந்தன. 1970 முதல் 1981 வரை கெமனியே கல்லூரித் தலைவராக இருந்தார்.

குறை சொன்னவர்களும் உண்டு. 1975-இல் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, பேசிக்கில் தொடங்கும் மாணவனுக்கு நல்ல நிரல் எழுதும் பழக்கமே வராது என்று கடுமையாகச் சாடினார். அதில் ஓரளவு உண்மை இருந்தது. வரிக்கு வரி தாவுகிற ‘கோ டு’ கட்டளை பெரிய நிரல்களைச் சிக்கலாக்கியது. ஆனால் அந்த மொழி இல்லாவிட்டால், இலக்கியம் படித்த எத்தனை பேர் அந்தத் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்திருப்பார்கள்?

வீட்டுக் கணிப்பொறிகள் வந்தபோது பேசிக் பல வடிவங்களில் அவற்றோடு பரவியது. அவற்றின் குறைகளைக் கண்டு வருந்திய இருவரும், 1983-இல் ஒரு நிறுவனம் தொடங்கி, ‘ட்ரூ பேசிக்’ என்ற திருத்திய மொழியை வெளியிட்டார்கள். கெமனி 1992-இலும், கர்ட்ஸ் 2024-இல் தம் 96-ஆவது வயதிலும் காலமானார்கள்.