பொறியியல் நெகிழிகள்: கொல்லிமலை வட்டாரப் பயன்பாடும் சந்தை வளர்ச்சியும்

சுமை, வெப்பம், உராய்வு ஆகியவற்றைத் தாங்கி, உலோகத்துக்கு மாற்றாக இயந்திர உறுப்புகளில் பயன்படும் பிளாஸ்டிக் வகைகள் பொறியியல் நெகிழிகள் எனப்படும். நைலான், பாலிகார்பனேட், அசிட்டால், பிபிடி ஆகியவை இவ்வகையின. இவற்றினும் கடும் வெப்பத்தில் நீடித்து உழைக்கும் பிபிஎஸ், பீக் போன்றவை உயர்செயல்திறன் நெகிழிகள். பீக் உருகும் வெப்பநிலை 343 பாகை செல்சியஸ்.

வட்டாரப் பயன்பாடு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை மரவள்ளியும் மிளகும் சாமையும் விளையும் வேளாண் மலை. அதன் அருகிலுள்ள நாமக்கல்லோ லாரித் தொழிலுக்கும் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் பெயர்பெற்றது. காரவள்ளியிலிருந்து ஏறும் மலைச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அதில் இறங்கும் கனரக வண்டியின் ஓட்டுநர் அடிக்கடி பிரேக்கை மிதிக்க நேரும். காற்றுத் தொட்டியிலிருந்து பிரேக்குக்கு அழுத்தக் காற்றைக் கொண்டுசெல்வது பெரும்பாலும் விரலளவு பருமனுள்ள நைலான் குழாய்தான். அது துருப்பிடிக்காது, வண்டியின் அதிர்வுக்கு வளைந்து கொடுக்கும். இதற்கேற்ற வகைகளுள் ஒன்றான நைலான் 11, சாதாரண நைலானைவிடக் குறைவாகவே ஈரத்தை உறிஞ்சும்.

உற்பத்தியும் பயிற்சியும்

நெகிழித் தொழில்நுட்பப் பயிற்சிக்காக 1968-இல் சென்னை கிண்டியில் சிப்பெட் என்னும் பயிற்சி நிறுவனம் நிறுவப்பட்டது. சென்னையை அடுத்த மணலியிலும் ஆலை வைத்திருந்த எஸ்ஆர்எப் நிறுவனம், தன் பொறியியல் நெகிழிப் பிரிவை 2019-இல் டச்சு நிறுவனமான டிஎஸ்எம்முக்கு விற்றது. குஜராத்தின் பனோலியில் கர்தா நிறுவனம் தொடங்கிய பீக் உற்பத்தி, 2006-இல் சால்வே நிறுவனத்தின் வசமானது.

சந்தைப் போக்கு

வாகனத் துறையே இந்நெகிழிகளுக்குத் தமிழ்நாட்டின் முக்கியச் சந்தை. ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளில் பெருகும் மின்வண்டி உற்பத்தி தேவையின் தன்மையை மாற்றுகிறது. எஞ்சின் சார்ந்த உறுப்புகளின் இடம் குறைய, மின்கல உறைகள், இணைப்பிகள், மின்னேற்றிகள் ஆகியவற்றுக்கான எளிதில் தீப்பற்றாத நைலான், பிபிடி, பாலிகார்பனேட் வகைகளுக்குத் தேவை கூடுகிறது. ஸ்ரீபெரும்புதூரின் மின்னணு ஆலைகளும் இத்தேவைக்கு வலுச் சேர்க்கின்றன.

வாய்ப்பு

நைலான் 11-இன் மூலப்பொருள் ஆமணக்கு எண்ணெய். உலக ஆமணக்கு உற்பத்தியில் இந்தியாவே முதலிடம். அதில் பெரும்பங்கு குஜராத்தினுடையது. சேலம், நாமக்கல் மானாவாரி நிலங்களிலும் ஆமணக்கு விளைகிறது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் தனி ஆராய்ச்சி நிலையமே உள்ளது. ஆனால் எண்ணெயை நைலானுக்கான மூலக்கூறாக மாற்றும் ஆர்கெமா நிறுவனத்தின் ஆலைகள் பிரான்சின் மார்சேயிலும் சிங்கப்பூரிலும் இயங்குகின்றன. விதையும் இங்கே, குழாய் பூட்டும் பட்டறையும் இங்கே. இடைப்பட்ட வேதித்தொழிலை இங்கு வளர்ப்பதே இத்துறையில் தமிழ்நாடு முதலில் கருத வேண்டிய வாய்ப்பு.