ஏழு குழுக்களின் ஆட்சி: டொனமூர் யாப்பில் சட்டசபையும் நிர்வாகமும், 1931–1947

1931 யூலை முதல் 1947 வரை இலங்கையில் நடந்த ஆட்சியில் பிரதமர் இல்லை, அமைச்சரவை இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை. வாக்காளர் தெரிந்தனுப்பிய உறுப்பினர் ஒவ்வொருவரும் சட்டம் இயற்றுவதோடு ஏதோ ஒரு திணைக்களத் தொகுதியின் நிர்வாகத்திலும் பங்குகொண்டனர். நிர்வாகத்தைச் சட்டசபைக்குப் பொறுப்பாக்குவது வெஸ்ட்மின்ஸ்டர் மரபு. இங்கே சட்டசபையே நிர்வாகமாக அமர்ந்தது. இந்த முறை ஏன் வந்தது, எப்படி இயங்கியது, எந்த இடத்தில் முறிந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முறிவுக்குக் காரணம் குழு முறை என்றே பொதுவாக எழுதப்பட்டு வந்திருக்கிறது. குழுத் தலைவரைத் தெரிவுசெய்த விதியே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து.

அதிகாரம் உண்டு, பொறுப்பு இல்லை

1833இல் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தின் பயனாக உருவான சட்டநிரூபண சபையில் உறுப்பினர் 15 பேர். அவர்களில் 9 பேர் அரசாங்க உத்தியோகத்தர். மீதி 6 பேரில் ஐரோப்பியர் மூவர். சிங்களவர், தமிழர், பறங்கியர் தலா ஒருவர். இந்த அமைப்பு மெல்ல மெல்லத்தான் விரிந்தது. படித்த இலங்கையருக்கென ஒரேயொரு தொகுதி 1911இல் கிடைத்தபோது சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதில் வென்றார்.

பெரிய மாற்றம் 1924இல் வந்தது. 49 பேர் கொண்ட சபையில் 37 பேர் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினராயினர். இவர்களில் எவரும் திணைக்களம் ஒன்றை நடத்தவில்லை. நடத்தும் வாய்ப்பும் இல்லை. ஆனால் நிதிக் குழுவில் பெரும்பான்மை இவர்களுடையது. அங்கே திணைக்களத் தலைவர்களைக் கூப்பிட்டுக் குறுக்குக் கேள்வி கேட்டனர், செலவைக் குறைத்தனர், நியமனங்களை விமர்சித்தனர். உத்தியோகத்தரோ சபையில் வாக்குப் பலமில்லாமல் ஆட்சி நடத்த வேண்டியிருந்தது. தேசாதிபதி தம் விசேட அதிகாரத்தால் சபையை மீறலாம் என்றாலும் அடிக்கடி மீற முடியாது. முடிவெடுப்போர் ஒரு பக்கம், அதன் விளைவுக்குப் பதில் சொல்வோர் மறு பக்கம் என ஆட்சி இரண்டாகப் பிளந்து நின்றது.

இந்த நிலையை ஆராயவே 1927 நவம்பரில் டொனமூர் பிரபு தலைமையில் ஆணைக்குழு வந்தது. சேர் மத்தியூ நேதன், சேர் ஜெப்ரி பட்லர், டாக்டர் டிரமண்ட் ஷீல்ஸ் ஆகியோர் ஏனைய உறுப்பினர். 1928இல் வெளியான அறிக்கை மூவகையில் துணிச்சலானது. ஒன்று சர்வசன வாக்குரிமை. பெண்களுக்கு 30 வயது என்று ஆணைக்குழு சொன்னதை, பின்னர் இருபாலாருக்கும் 21 ஆக்கினர். அடுத்தது, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்துப் பிரதேசத் தொகுதிகளை அமைத்தது.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது நிர்வாகக் குழு முறை. இலங்கையில் அரசியற் கட்சிகள் இல்லை. கட்சி இல்லாத நாட்டில் அமைச்சரவை நிலைக்காது என்று ஆணைக்குழு கண்டது. லண்டன் மாவட்ட சபை குழுக்கள் மூலம் நடந்துவந்த முறையை முன்மாதிரியாகக் கொண்டது. சபையின் ஒவ்வோர் உறுப்பினரும் நிர்வாகத்தில் பயிற்சி பெறுவர். சிறுபான்மையோரும் ஆட்சியின் உள்ளே இருப்பர் என்பது எதிர்பார்ப்பு. ஷீல்ஸ் தொழிற்கட்சிக்காரர். உள்ளூராட்சியில் வளர்ந்த குழு மரபின் மீது அக்கட்சியினருக்கு இருந்த நம்பிக்கை இந்த அறிக்கையில் தெரிகிறது.

இனவாரி ஆசனங்கள் போவதைத் தமிழ்த் தலைவர்கள் ஏற்கவில்லை. 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை இந்த யாப்பை ஏற்றது 19க்கு 17 என்ற வாக்கில்தான். எதிர்த்து நின்ற இராமநாதன் லண்டன்வரை சென்று முறையிட்டார். 1930 நவம்பரில் காலமானார்.

குழு அறையில் நடந்தது

அரசாங்க சபையில் 61 பேர்: தெரிவானோர் 50, நியமனம் பெற்றோர் 8, அரச உத்தியோகத்தர் மூவர். பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் என்ற அந்த மூவரிடமே பாதுகாப்பு, வெளிவிவகாரம், அரசாங்க சேவை, நீதி நிர்வாகம், திறைசேரி எல்லாம் இருந்தன. அவர்கள் பேசலாம், வாக்களிக்க முடியாது. மற்றவர்கள் ஏழு குழுக்களாகப் பிரிந்தனர்: உள்நாட்டு அலுவல், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், தொழில் – கைத்தொழில் – வர்த்தகம், கல்வி, போக்குவரத்தும் வேலைப்பகுதியும். சபாநாயகர் நீங்கலாகப் பார்த்தால் குழுவுக்கு ஏறக்குறைய 8 பேர். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரை இரகசிய வாக்கால் தெரிந்தது. அவரே அத்துறை மந்திரி. ஏழு மந்திரிகளும் மூன்று உத்தியோகத்தரும் சேர்ந்ததே மந்திரிகள் சபை. அதற்குத் தலைமை தாங்கியவர் பிரதம செயலாளர்.

ஒரு முடிவு நடந்து வந்த பாதையைக் கவனித்தால்தான் இதன் சிறப்பு விளங்கும். திணைக்களத் தலைவர் குழுவின் முன் வந்து விடயத்தை விளக்குவார். குழு பெரும்பான்மையால் முடிவெடுக்கும். மந்திரி அந்த முடிவோடு உடன்படாவிட்டாலும் அது குழுவின் முடிவே. பின்னர் அது மந்திரிகள் சபை வழியாக அரசாங்க சபைக்குச் செல்லும். அரசாங்க சபை சட்டம் இயற்றும் அமர்வு, நிர்வாக அமர்வு என இருவகையில் கூடியது. நிர்வாக அமர்வில் குழுவின் அறிக்கையை ஏற்கலாம், திருத்தலாம், திருப்பி அனுப்பலாம். இறுதியாகத் தேசாதிபதியின் இசைவு. ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்கு மட்டும் மந்திரிகள் கூட்டாகப் பொறுப்பு. மற்ற விடயங்களில் ஒருவரை ஒருவர் சபையில் எதிர்க்கலாம், எதிர்த்தும் இருக்கிறார்கள். ஒரு மந்திரியின் யோசனை தோற்றால் அவர் பதவி விலகத் தேவையில்லை.

இம்முறையில் தாமதம் மிகுதி. நியமனம், இடமாற்றம் போன்ற சிறு காரியங்களிலும் குழுக்கள் மணிக்கணக்காக மூழ்கின. ஏழு குழுக்களின் கொள்கையையும் ஒன்றிணைக்கப் பிரதமர் என எவரும் இல்லை. ஆயினும் தமிழ் வாசகர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு: முதல் அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாகத் தெரிவானவர் மலையகத்தைச் சேர்ந்த பெரி. சுந்தரம். போக்குவரத்துக்கு வந்தவர் முஸ்லிமான மாக்கான் மாக்கார். இன ஒதுக்கீடு எதுவும் இல்லாமல், சக உறுப்பினரின் வாக்கால் மட்டும் இவர்கள் மந்திரிகளாயினர். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் (1934) தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும் (1935) சுந்தரத்தின் காலத்தில் வந்தவை.

அந்தக் குழு அறைகளில் யாழ்ப்பாணம் இல்லை. பூரண சுயராச்சியம் தராத யாப்பு என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. அதன் நோக்கம் உயர்ந்தது. அக்காலத்தில் சாதி, சமய பேதம் கடந்து பேசிய இயக்கம் அது. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் 4 ஆசனங்கள் 1934 வரை வெறுமையாக இருந்தன. குழுக்களின் நடைமுறையும் உறவுகளும் பழக்கங்களும் உருவான அந்த மூன்று ஆண்டுகளில் குடாநாட்டின் குரல் கேட்கவில்லை. இழந்த இந்தக் காலத்தைப் பிற்கால ஆய்வுகள் போதிய அளவு எடைபோடவில்லை என்றே நினைக்கிறேன்.

1936இன் கணக்கு

1936 மார்ச்சில் இரண்டாவது அரசாங்க சபை கூடியபோது ஏழு குழுக்களும் ஏழு சிங்களவரையே தலைவராக்கின. ஜயதிலக, டி. எஸ். சேனநாயக்க, பண்டாரநாயக்க, டபிள்யூ. ஏ. டி சில்வா, கொறியா, கன்னங்கரா, கொத்தலாவல ஆகியோர் மந்திரிகள். இதுவே தனிச் சிங்கள மந்திரி சபை.

இதற்குச் சட்டமீறல் எதுவும் தேவைப்படவில்லை. 8 பேர் கொண்ட குழுவில் 5 வாக்கு இருந்தால் தலைமை கிடைக்கும். ஏழு குழுவுக்கும் 35 பேர் போதும். சிங்கள உறுப்பினர் தொகை அதைவிட அதிகம். யார் எந்தக் குழுவுக்குப் போவது என்று முன்கூட்டியே உடன்பட்டுக்கொண்டால் முடிந்தது. கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கமே இந்தப் பங்கீட்டுக்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. யாப்புச் சீர்திருத்தத்தைக் கோர ஒருமித்த மந்திரி சபை வேண்டும் என்பதே முன்வைக்கப்பட்ட நியாயம்.

நோக்கம் எதுவாயினும் விளைவு ஆழமானது. குழுவுக்குள் இடம் இருந்தும் தலைமைக்கு வழி அடைபட்டது. தலைவரைத் தனித்தனிக் குழுவின் வெறும் பெரும்பான்மையால் தெரியாமல், முழுச் சபையும் விகிதாசார வாக்கால் ஏழு தலைவர்களைத் தெரிந்திருந்தால் 1936 நடந்திருக்காது. எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கும் ஒன்றிரண்டு தலைமைகள் தாமாகவே வந்திருக்கும். இந்த ஒரு விதியைத் திருத்தும் யோசனை பிற்காலப் பேரங்களில் மையத்துக்கு வரவே இல்லை. மந்திரிகள் அமைச்சரவை முறையைக் கேட்டனர். தேசாதிபதி கல்டிகொட்டும் 1938ஆம் ஆண்டு அறிக்கையில் குழுக்களை ஒழிக்கச் சிபாரிசு செய்தார். 1934இல் பருத்தித்துறையிலிருந்து சபைக்கு வந்த ஜி. ஜி. பொன்னம்பலமோ சிறுபான்மையோருக்குச் சரிபாதி ஆசனம் கோரும் ஐம்பதுக்கு ஐம்பது என்ற கணக்கில் தம் முழு வாதத் திறனையும் செலுத்தினார். நிர்வாகத்தை எப்படிப் பகிர்வது என்ற கேள்வி, சபையில் எத்தனை பேர் என்ற கேள்விக்குள் மறைந்துபோயிற்று.

குழு முறையைப் புனிதமாக்குவது என் நோக்கமன்று. 1930களின் பிற்பகுதியில் தோட்டத் தொழிலாளர் கிராம சபைத் தேர்தலில் வாக்களிக்க முடியாதபடி செய்த சட்டம் உள்ளூராட்சிக் குழுவின் துறையில் வந்தது. அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை 1939இல் வேலையிலிருந்து நீக்கி அனுப்பத் தொடங்கியதும் இந்தச் சபையின் காலத்தில்தான். அதன் பின்னணியிலேயே நேரு கொழும்புக்கு வந்தார்; இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. சிறுபான்மை உறுப்பினர் ஒரு குழுவில் இருப்பது மட்டும் அச்சமூகத்துக்குக் காவலாகிவிடவில்லை.

தேசாதிபதியோடு மோதிய இடங்கள்

வெளியார் நிர்வாகத்தை எதிர்த்தபோது இதே சபை ஒரே குரலில் பேசியதும் உண்டு. தோட்டத் தொழிலாளரிடையே சமசமாஜக் கட்சிக்காகப் பேசிய அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேடிலை நாடுகடத்தத் தேசாதிபதி ஸ்டப்ஸ் 1937இல் கட்டளையிட்டார். அரசாங்க சபை 34க்கு 7 வாக்கில் தேசாதிபதிக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தக் கட்டளை செல்லாது என்று உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். பொலிஸ் திணைக்களம் உள்நாட்டு அலுவல் குழுவுக்குட்பட்டது. அதையொட்டிய வழக்குகளை ஒத்திவைக்கக் கேட்கும்படி மந்திரி ஜயதிலக சொன்னதைப் பொலிஸ் மா அதிபர் ஏற்கவில்லை. கல்டிகொட் அவருக்கு ஆதரவாக நின்றார். மந்திரிகள் கூட்டாகப் பதவி துறந்தனர், பின்னர் மீண்டனர். திணைக்களத் தலைவர் குழுவுக்குப் பணிந்தவரா, தேசாதிபதிக்குப் பணிந்தவரா என்ற கேள்விக்கு யாப்பு தெளிவான விடை தரவில்லை என்பதை முல்லோயா வெளிப்படுத்தியது.

குழு முறை தன் முழு வலிமையையும் காட்டியது கல்வியில். 1931 முதல் 1947 வரை கல்விக் குழுவுக்குத் தலைவராயிருந்த கன்னங்கரா, சபையிலும் பத்திரிகைகளிலும் எழுந்த எதிர்ப்பைக் கடந்து 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்ற ஈழத்துத் தமிழ்த் தலைமுறைகளும் அந்தக் குழு அறையின் பயனைப் பெற்றவர்களே. தனி உறுப்பினரின் கை ஓங்கியிருந்ததற்கு 1944 மே மாத மொழி விவாதமும் சான்று. சிங்களத்தை அரசகரும மொழியாக்க ஜே. ஆர். ஜயவர்த்தன கொண்டுவந்த பிரேரணையில் தமிழையும் சேர்க்க வி. நல்லையா திருத்தம் முன்வைத்தார். திருத்தம் வென்றது, திருத்திய பிரேரணை 27க்கு 2 என நிறைவேறியது. கட்சிக் கொறடா இல்லாத சபையில் வாதத்தால் வாக்கு மாறும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அமைச்சரவைக்குப் போன வழி

1942இல் ஜயதிலக இந்தியாவுக்கு இலங்கையின் பிரதிநிதியாகச் சென்றபோது உள்நாட்டு அலுவல் மந்திரியானவர் அருணாசலம் மகாதேவா. தனிச் சிங்கள மந்திரி சபை அத்தோடு முடிந்தது. ஆனால் குழு முறைக்கு நாள் குறித்தாயிற்று. ஐவர் ஜெனிங்ஸின் உதவியோடு மந்திரிகள் வரைந்த 1944ஆம் ஆண்டு நகலும், அடுத்து வந்த சோல்பரி ஆணைக்குழுவும் அமைச்சரவையையே நாடின. 1945 நவம்பரில் அரசாங்க சபை அதை 51க்கு 3 வாக்கில் ஏற்றது. சிறுபான்மைக்குப் பாதுகாப்பாக 29ஆம் பிரிவும், பரப்பளவுக்கும் ஆசனம் தரும் தொகுதிப் பங்கீடும் கிடைத்தன. இரண்டுமே சட்டசபையைப் பற்றியவை. நிர்வாகத்தில் பங்குக்கு எழுதப்பட்ட வழி எதுவும் மிஞ்சவில்லை.

1947இன் பின் தமிழர் ஒருவர் அமைச்சராவது பிரதமரின் அழைப்பைப் பொறுத்தது. 1948இல் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பொன்னம்பலம், அதே ஆண்டில் சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். கூட்டுப் பொறுப்பு அவரைக் கட்டியது: அடுத்து வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமை மசோதாவை அவர் ஆதரித்தார். அவரது தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது. அதிலிருந்து பிரிந்த செல்வநாயகம் தமிழரசுக் கட்சியை நிறுவினார். மகாதேவாவை மந்திரியாக்கியது குழுவின் வாக்கு. சபை கலையும்வரை அந்தப் பதவிக்கு அதுவே அடித்தளம். 1953 ஒக்டோபரில் பிரதமரான கொத்தலாவல தம் அமைச்சரவையில் பொன்னம்பலத்துக்கு இடம் தரவில்லை. அதற்குச் சபையில் ஒரு வாக்கும் எடுக்கவேண்டியிருக்கவில்லை.