ஈறு நோயும் உடல் நலமும்: ஒரு கருத்தின் வரலாறு

ஈறுகளில் தோன்றும் நோய் வாயளவில் நில்லாது, இதயம், மூட்டு முதலிய பிற உறுப்புகளையும் தாக்கும் என்னும் கருத்து இந்நாளில் பரவலாகப் பேசப்படுகின்றது. இதனை அண்மைக் காலப் புதுமை எனக் கருதுவாரும் உளர். ஆயின், இக்கருத்து ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எழுந்து, மருத்துவ உலகில் பெருஞ்செல்வாக்குப் பெற்று, பின்னர் வீழ்ந்து, மீண்டும் எழுந்ததாகும். அது முதலில் வீழ்ந்தது ஏன், மறுமுறை எழுந்தது எவ்வாறு என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

பெர்லின் நகரில் ஆய்வு நிகழ்த்திய அமெரிக்க அறிஞர் டபிள்யூ. டி. மில்லர், வாயில் வாழும் நுண்ணுயிர்கள் உடலின் பிற பகுதிகளிலும் நோய் விளைக்கக்கூடும் என 1891-இல் எழுதினார். இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1900-இல் இக்கருத்தை மேலும் வலியுறுத்தினார். 1910-இல் கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், பொற்பூணும் பாலமும் அமைத்துப் பற்களைக் காக்கும் முறையை அவர் கடிந்தார். அவற்றின் அடியில் சீழ் மறைந்து கிடக்கின்றது என்பது அவர் கூற்று. சிகாகோ மருத்துவர் பிராங்க் பில்லிங்ஸ் 1912-இல் இதனை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். உடலின் ஓரிடத்தில் உறையும் தொற்று, குருதி வழியே பரவி மூட்டையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது அக்கோட்பாட்டின் சாரம்.

இதன் விளைவு யாது? மூட்டு வலி என்று வந்தோர்க்கும் பற்கள் களையப்பட்டன. அவற்றுள் நல்ல பற்களும் பல. நியூ செர்சி மாநிலத்து டிரெண்டன் மனநல மருத்துவமனையில் 1907 முதல் தலைமை வகித்த ஹென்றி காட்டன், மனநோய்க்கும் இத்தகைய தொற்றே முதல் எனத் துணிந்தார். பற்களைக் களைந்தும் குணம் காணாவிடத்து, உள்நாக்குத் தசையையும் பெருங்குடலின் பகுதியையும் அறுத்து நீக்கினார். அவ்வறுவையால் மாண்டோர் பலர்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் 'நோய்முதல்' என்னும் சொல் பயின்று வருதலை நாம் அறிவோம். மேற்கூறிய மருத்துவர்கள் நோய்முதலைத் தேடினர் என்பதில் ஐயமில்லை. ஆயின், தேடியது கிட்டிற்றா என்று சோதிப்பதன் முன்னரே கருவியைக் கையில் எடுத்தனர். சோதனை பின்னரே வந்தது. முன்பு இக்கோட்பாட்டை ஆதரித்த ரசல் சீசில் என்பாரே, ஆஞ்சவைன் என்பாருடன் கூடி, மூட்டு நோயாளர் 200 பேரின் வரலாற்றை ஆய்ந்து, பல் களைதலாலும் உள்நாக்குத் தசை நீக்கலாலும் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என 1938-இல் வெளியிட்டார். கோட்பாடு தளர்ந்தது. எனினும் அதன்கண் உண்மையே இல்லை எனல் பொருந்தாது. பல் பிடுங்கிய உடன் வாயின் நுண்ணுயிர் குருதியில் கலத்தலை ஓக்கெல், எலியட் என்னும் இருவர் 1935-இலேயே மெய்ப்பித்திருந்தனர். பழுதுற்ற இதய வால்வுகளில் அந்நுண்ணுயிர் தங்கிக் கேடு விளைத்தலும் உண்டு.

பின்லாந்து நாட்டு மட்டிலா என்பாரும் அவர்தம் குழுவினரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வால் இக்கருத்து மீண்டும் எழுந்தது. மாரடைப்புற்ற 100 பேரையும் பிறர் 102 பேரையும் ஒப்பிட்டு, முன்னவர்தம் பல் நலம் தாழ்ந்திருத்தலை அவர்கள் கண்டனர். ஆயின், இரு நூல்களிடையே ஒப்புமை காணப்பட்ட அளவானே ஒன்று மற்றதற்கு மூலம் எனத் துணிதல் கூடாதன்றோ? இரண்டும் பொதுமூலம் ஒன்றிலிருந்து தோன்றியிருத்தலும் கூடும். அதுபோலப் புகைத்தல், வறுமை, நீரிழிவு ஆகியவை ஈற்றையும் இதயத்தையும் ஒருங்கே கெடுப்பன. ஆகவே, புகைத்தல் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் தொடர்பு எஞ்சுகின்றது என்றும், ஈறு நோயே இதய நோய்க்குக் காரணம் என நிறுவப்படவில்லை என்றும் அமெரிக்க இதயக் கழகம் 2012-இல் வரையறுத்துக் கூறியது. கருவுற்ற மகளிர் 823 பேரிடம் நிகழ்த்தி 2006-இல் வெளியிட்ட சோதனையில், பண்டுவத்தால் ஈறு நலமுற்றது. குறைமாதப் பேறு குறையவில்லை.

நீரிழிவில் மட்டும் சான்று வலுவுடையது. நீரிழிவு ஈற்றைக் கெடுக்கும். ஈற்றின் அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்தலைக் கடினமாக்கும். 35 சோதனைகளைத் தொகுத்து 2022-இல் வெளியான காக்ரேன் ஆய்வு, ஈற்றுப் பண்டுவத்தின் பின் மூன்று நான்கு திங்களில் எச்பிஏ1சி என்னும் சர்க்கரை அளவு சராசரியாக 0.43 விழுக்காட்டுப் புள்ளி குறைந்ததைக் காட்டிற்று. இது சிறிதாயினும் அளந்தறியப்பட்ட பயன்.

மில்லரும் ஹண்டரும் கண்ட தொடர்பு முற்றும் பொய்யன்று. அதனை எல்லா நோய்க்கும் விரித்தமையே பிழையாயிற்று. அப்பிழைக்கு விலை தந்தோர் நோயாளரே. இன்று ஈற்றைப் பேணுதற்கு ஈற்றின் நலமே போதிய காரணமாகும். அதற்கு அப்பால் கூறப்படும் ஒவ்வொரு பயனுக்கும் தனித்தனியே சான்று வேண்டும் என்பது இவ்வரலாற்றால் போதரும்.