யானைக்கு மேலே ஒரு யாளி

அன்னூரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுச் சிறுவன், வயது ஒன்பது இருக்கும், கைபேசியில் ஏதோ விநோதப் பிராணிகளைத் துரத்திப் பிடித்துக் கூண்டில் அடைத்துக் கொண்டிருந்தான். வாலில் தீ எரியும் பல்லி ஒன்று. முதுகில் செடி முளைத்த தவளை போன்ற ஒன்று. "மாமா, இதுல ஒண்ணாச்சும் நெசமா இருக்குதுங்களா?" என்று கேட்டான். "இல்லைடா கண்ணு" என்றேன். "அப்புறம் எதுக்குங்க இத்தனை பேரு வெச்சிருக்காங்க?" என்றான்.

கேள்வி நல்ல கேள்வி. அந்த விளையாட்டு ஜப்பானில் 1996-ஆம் வருஷம் பிறந்தது, பெயர் போக்கிமான். அதை உருவாக்கிய சதோஷி தஜிரி என்பவர் சிறு பிராயத்தில் வயல்வெளிகளில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பித்துக் கொண்டவராம். வயல்களெல்லாம் வீடுகளாகிப் பூச்சிகள் மறைந்த பிறகு, பிடிப்பதற்குப் பூச்சியில்லாத பிள்ளைகளுக்காக இல்லாத பிராணிகளைப் படைத்துக் கொடுத்தார். ஆரம்பத்தில் 151, இன்று ஆயிரத்தையும் தாண்டிவிட்டன. ஏதோ ஒன்றை இழந்த இடத்தில் பிறந்தவை அவை.

நம் நாட்டிலும் இப்படி ஒரு பிராணி உண்டு. அதை எந்தக் காட்டிலும் யாரும் கண்டதில்லை. ஆனால் அதைக் காணாத தமிழன் ஒருவனும் இருக்க முடியாது. கோயிலுக்குப் போகிறவர்கள் அதன் முழங்காலில் சாய்ந்து இளைப்பாறியிருப்பார்கள். யாளியைத்தான் சொல்கிறேன்.

அதன் சரித்திரத்தைச் சங்கப் புலவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். அவர்கள் அதை ஆளி என்றும் சொன்னார்கள். பொருநராற்றுப்படையில் கரிகாலனுடைய இளமை வீரத்துக்கு உவமை தேடிய புலவருக்குப் புலி போதவில்லை. தாய்ப்பால் மறக்காத ஆளிக்குட்டி, தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதைப் போல என்று பாடிவிட்டார். ஆளி என்ன நிறம், எத்தனை அடி உயரம் என்று அவர் நின்று விவரிக்கவில்லை. அது யானையைக் கொல்லும். அவ்வளவு போதும், கேட்பவனுக்கு மயிர் சிலிர்த்துவிடும்.

ஏன் சிலிர்க்க வேண்டும்? பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம். யானை என்றால் நமக்குப் பிள்ளையார், கோயில் வாசலில் துதிக்கையால் ஆசீர்வாதம். அன்னூரிலிருந்து மேற்கே மேட்டுப்பாளையம் சாலையில் போய், மலையடிவாரத்தில் வாழை வைத்திருக்கிற குடியானவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். இரவோடு இரவாக வருஷத்து உழைப்பை மிதித்துத் துவைத்துவிட்டுப் போகிற மலையின் பெயர்தான் அவருக்கு யானை. அன்னூர் மன்னீசுவரர் கோயிலின் கர்ண பரம்பரைக் கதையும் ஒரு வேடன் கதைதான். அன்னி என்ற வேடன் கிழங்கு தோண்டப் போனான், தோண்டிய குழியில் ரத்தம் பீறிட்டது, அங்கே லிங்கம் இருந்தது, அதனால் அன்னியூர் என்கிறார்கள். கிழங்கு தோண்டி வயிறு கழுவிய மக்களின் காடு அது. யானையிடம் பயந்தவன்தான், யானையைக் கொல்லும் ஒன்று எங்கோ இருந்தாக வேண்டுமென்று நினைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, கதை எழுதுகிறவனுக்கு இது போதும்.

பாட்டிலே இருந்தவரைக்கும் யாளி சுதந்திரப் பிராணி. கல்லுக்கு வந்ததும் அதற்கு வேலை வந்துவிட்டது. மாமல்லபுரத்து மண்டபங்களில் பல்லவச் சிற்பிகள் அதைத் தூணின் அடியில் உட்கார வைத்துத் தலைமேல் பாரத்தை ஏற்றினார்கள். அங்கிருந்து வடக்கே சாளுவன்குப்பத்தில், கடலைப் பார்த்த ஒரு பாறையில், குடைந்த சிறு மாடத்தைச் சுற்றிலும் பதினொரு யாளித் தலைகள் மாலை போல நிற்கின்றன. ஊரார் அதற்கு வைத்த பெயர் புலிக்குகை. புலியும் இல்லை, குகையும் இல்லை! அந்தப் பாறையின் ஒரு பக்கத்தில், முதுகில் மாடம் சுமந்த யானைகள் பரம சாதுவாக நிற்கின்றன. எதிரிகள் இருவரையும் ஒரே பாறையில் கட்டிப்போட்ட சிற்பியின் குறும்பை நான் ரசிக்கிறேன்.

ராஜராஜன் 1010-இல் முடித்த தஞ்சைப் பெரிய கோயிலில் யாளிக்குத் தனி ஆளுமையே இல்லை. அஸ்திவாரத்துக்கு மேலே வரிசை வரிசையாக, சிப்பாய்களின் அணிவகுப்பு மாதிரி, யாளி வரி என்ற பெயரோடு சுற்றி வருகிறது. பேரரசின் காலம்; எல்லாரும் வரிசையில் நின்றாக வேண்டும்.

அது துள்ளி எழுந்தது விஜயநகரத்தாரும் நாயக்கரும் ஆண்ட காலத்தில். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலேயே சிங்கங்கள் பின்னங்காலில் நின்றதுண்டு. ஆனால் அவை சுவரோடு ஒட்டிக்கொண்டவை. நாயக்கர் தூண்களில் யாளி ஆளைவிட உயரமாக, தூணை விட்டே பாய்ந்து வருகிறது. அது குதிரைப் படைகளின் காலம். கடல் கடந்து வந்த குதிரைகளுக்கு மன்னர்கள் பொன்னைக் கொட்டிய காலம். வேலூரிலும் ஸ்ரீரங்கத்திலும் முன்னங்கால் தூக்கிய குதிரைகள் தூண்களில் நிற்கின்றன. அந்தக் குதிரையின் துள்ளலை யாளியும் கற்றுக்கொண்டது. கூடவே குதிரைக்கு வந்த கதியும் அதற்கு வந்தது: முதுகில் ஒரு வீரன், கையில் கடிவாளம்! கரிகாலனுக்கு உவமையான பிராணியின் மேல் யாரோ ஒரு சிப்பாய் சவாரி செய்கிறான். ஆனாலும் பல தூண்களில் யாளியின் காலடியைக் குனிந்து பாருங்கள். நாய்க்குட்டி அளவுக்கு ஒரு யானை இருக்கும். பழைய பகை மறக்கவில்லை.

திருமலை நாயக்கர் கட்டிய மதுரைப் புதுமண்டபத்தில், அப்படிப்பட்ட யாளிகளின் நிழலில் வெகு காலம் தையற்காரர்கள் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புத்தகக் கடைகளும் இருந்தன. சட்டைக்கு அளவு கொடுக்கிறவர் யாளியின் கோரைப்பல்லை ஏறிட்டுப் பார்த்திருப்பாரா?

நம் கொங்கு நாட்டுக்குள்ளேயே தாரமங்கலம் இருக்கிறது. கெட்டி முதலிகளின் திருப்பணி. அங்கே வாய் திறந்த கல் விலங்கின் வாய்க்குள் ஒரு கல்லுருண்டை கிடக்கிறது. விரலால் தள்ளினால் உருளும். வெளியே எடுக்க வராது. வெளியிலிருந்து போட்டதல்ல அது. பல்லிடுக்கு வழியாக உளியை விட்டு, அதே கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிப் பிரித்தது. ஒரு அடி தவறினால் பல் போய்விடும். பல் போனால் தூண் போச்சு. அந்த உளியைப் பிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. இல்லாத பிராணிக்குப் பெயர் இருக்கிறது. இருந்த மனிதனுக்கு இல்லை.

சீனர்களுக்கும் கிலின் என்று ஒரு கற்பனை விலங்கு உண்டு. 1414-இல் வங்காளத்து சுல்தான் ஒரு ஒட்டகச்சிவிங்கியை சீனச் சக்கரவர்த்திக்கு அனுப்பினார். அரண்மனையில் அதைக் கண்டவர்கள் கிலினே வந்துவிட்டது என்று கொண்டாடிப் படம் எழுதி வைத்தார்கள். ஜப்பானியர் இன்றும் ஒட்டகச்சிவிங்கியைக் கிரின் என்றே அழைக்கிறார்கள். யாளிக்கு இந்த யோகம் வாய்க்கவில்லை. எந்தத் தேசத்திலிருந்தும் யாரும் ஒன்றைப் பிடித்து அனுப்பவில்லை.

இப்போது கும்பாபிஷேகத்துக்குக் கோயிலைப் 'புதுப்பிக்கிறோம்' என்று கிளம்புகிறவர்கள் சில ஊர்களில் அதன் மேல் எண்ணெய் வர்ணம் பூசிவிடுகிறார்கள். பச்சை உடம்பு, சிவப்பு நாக்கு. அதற்கும் மேலே போய் மணலைப் பீச்சி அடித்து அழுக்கு எடுத்தால், அழுக்கோடு பிடரிமயிரின் சுருளும் போய்விடுகிறது. யானையை அடித்த பிராணிக்கு மணலை எதிர்க்கத் தெரியவில்லை.

அன்னூர் வீட்டிலும் யாளி ஒன்று இருந்தது. சிறுவனின் அக்காள் வீணை கற்கிறாள். தண்டின் நுனியில் வளைந்து தரையைப் பார்க்கிற அந்த முகத்தைக் காட்டி, "இது யாருன்னு தெரியுமா?" என்றேன். "டிராகனுங்க" என்றான் பையன். அவனுக்குச் சாளுவன்குப்பத்திலிருந்து கதையை ஆரம்பித்தேன். யானை வருகிற இடத்தில்தான் கைபேசியைக் கீழே வைத்தான்.