காந்திகிராமத்துச் சேவிகைகள்: ஆத்தூர் வட்டாரத்தில் கல்வியும் நலவாழ்வும்

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மதுரைச் சாலையில், கைத்தறி நெசவுக்கும் சுங்குடிச் சேலைக்கும் பெயர் பெற்ற சின்னாளப்பட்டிக்கும் அம்பாத்துறை ரயில் நிலையத்துக்கும் அருகே 1947-இல் தொடங்கப்பட்ட காந்திகிராமத்தின் வரலாறு, பெரும்பாலும் அங்கு எழுந்த பல்கலைக்கழகத்தின் வரலாறாகவோ கஸ்தூரிபா மருத்துவமனையின் வரலாறாகவோதான் எழுதப்படுகிறது. அவ்விரண்டுக்கும் அடித்தளமாக இருந்தவர்களோ, ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளின் படிப்பையும் உடல்நலத்தையும் ஒருசேரக் கவனித்த கிராமத்துப் பெண்கள். அவர்களை ஓரமாக ஒதுக்கிவிட்டால் இந்த நிறுவனம் இவ்வட்டாரத்தில் எப்படி வேர்பிடித்தது என்பதே விளங்காது.

நிறுவனர்களான டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் வேறுவேறு வழிகளில் காந்தியிடம் வந்து சேர்ந்தவர்கள். தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாக 1904-இல் பிறந்த சௌந்தரம், சிறுவயதிலேயே மணம் முடிக்கப்பட்டு, மருத்துவரான கணவரை இளமையிலேயே இழந்தார். விதவையை வீட்டின் உள்ளறையில் முடக்கிவைத்த சமூகத்தில் பிறந்தும் மறுபடி பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்து, தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1936-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கு உடன் பயின்ற சுசீலா நய்யார் வழியாகவே காந்தியின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. சாந்திநிகேதனில் கற்றவரான, திருவிதாங்கூரைச் சேர்ந்த ராமச்சந்திரனுடன் 1940-இல் நடந்த மறுமணம், காந்தியின் ஆசியுடன் நிகழ்ந்தது. படிப்பு ஒரு பெண்ணின் வாழ்வை எந்த அளவுக்கு மீட்டெடுக்கும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் சௌந்தரம் என்பதை மனத்தில் கொண்டால்தான், பின்னாளில் அவர் எவரைத் தேடிப் பணியில் சேர்த்தார் என்பதன் பொருள் புலப்படும்.

1944-இல் கஸ்தூரிபா மறைந்தபின் திரட்டப்பட்ட நினைவு நிதி, கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே செலவிடப்பட வேண்டும் என்பது காந்தியின் நிபந்தனையாக இருந்தது. அந்த நிதியை நிர்வகித்த அறக்கட்டளையின் தமிழகப் பணியை ஏற்றிருந்த சௌந்தரம், கிராம சேவிகைகளுக்கு, அதாவது ஊரிலேயே தங்கித் தாய்சேய் நலம், தூய்மை, எழுத்தறிவு ஆகியவற்றைக் கவனிக்கும் பெண் ஊழியர்களுக்கு, பயிற்சி அளிப்பதில் ஈடுபட்டார். சின்னாளப்பட்டியில் ஒரு சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கியதே பின்னர் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. அக்காலத்தில் இப்பகுதியில் பேறுகாலம் என்பது வீட்டுக்குள், மருத்துவச்சியின் கையில் நடப்பது. வீட்டிலிருந்த கத்தியாலோ அரிவாளாலோ தொப்புள்கொடியை அறுப்பதும், அதன்வழியே கிருமி நுழைந்து பிறந்த சில நாள்களிலேயே சிசுவைக் கொல்லும் இரண ஜன்னி வருவதும் அன்றைய தமிழகக் கிராமங்களில் அரிதல்ல. கத்தியைக் கொதிநீரில் இட்டபின்தான் கொடியைத் தொட வேண்டும் என்று சொல்ல மருந்துச் சீட்டு தேவையில்லை. அந்த வீட்டார் நம்பி உள்ளே விடக்கூடிய ஒருத்தி தேவை.

அத்தகைய பெண்களை உருவாக்கவே காந்திகிராமத்தில் சேவிகாசிரமம் அமைந்தது. கணவனை இழந்தோர், கைவிடப்பட்டோர், பள்ளியைப் பாதியில் விட்டோர் ஆகிய பெண்கள் அங்கே தங்கி, விட்ட படிப்பைத் தொடர்ந்து, ஆசிரியையாகவோ செவிலியாகவோ பாலர்பள்ளி ஊழியராகவோ வெளியேறினர். சென்னையில் 1912-இல் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்காகத் தொடங்கிய விடுதியின் மரபில் வந்த முயற்சி இது. ஆயினும் அது நகரத்தில், பிராமண விதவைகளை முன்னிறுத்தித் தொடங்கியது, இதுவோ கிராமத்துக்குத் திரும்பிச் செல்லும் ஊழியத்துக்கென்றே அமைந்தது என்னும் வேறுபாடு சிறியதன்று.

1937 வார்தா மாநாட்டில் உருப்பெற்ற ஆதாரக் கல்வி, அதாவது நூற்பு, தோட்டம் போன்ற கைத்தொழிலை நடுவாக வைத்துப் பாடங்களைக் கற்பிக்கும் முறை, காந்திகிராமப் பள்ளிகளிலும் பின்பற்றப்பட்டது. இம்முறையில் சுகாதாரம் தனிப்பாடமாக நிற்பதில்லை. நகம் வெட்டுவது, குடிநீர்ப் பானையை மூடிவைப்பது, விளைந்த கீரையைச் சமைத்து உண்பது எல்லாமே பள்ளி வேலையாகிவிடும். தேர்வையும் அரசு வேலையையும் நோக்கிய பெற்றோரின் விருப்பத்தின் முன் ஆதாரக் கல்வி நாடெங்கும் தளர்ந்தது உண்மையே, ஆனால் அதற்காக அப்பெற்றோரைக் குறைகூறுவது நியாயமாகாது. உயர்கல்வியில் அதே சிந்தனையைத் தொடர 1956-இல் நிறுவப்பட்ட கிராமிய உயர்கல்வி நிறுவனம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

1959-இல் ஆத்தூர் ஒன்றியத்தில் தொடங்கிய முன்னோடி சுகாதாரத் திட்டம், அதுவரை ஒரு நிறுவனத்தின் தொண்டாக இருந்ததை அரசுப் பணியோடு பொருத்திப் பார்த்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு, ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த அந்த ஒன்றியத்தில், ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரைக் கொண்டே பணிகளைச் செய்வித்து, ஒரு செவிலியால் எத்தனை குடும்பங்களைப் பார்க்க முடியும், எந்தப் பதிவேடு அவருக்கு உதவும், எது சுமை என்பன போன்ற கேள்விகள் ஆராயப்பட்டன. ஆயிரம் பேருக்கு 40-க்கு மேல் இருந்த பிறப்பு விகிதம் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 30-க்குக் கீழ் இறங்கியது. ஆத்தூர் அனுபவம் என்ற பெயரில் இது வெளிநாட்டு ஆய்வாளரின் கவனத்தையும் ஈர்த்தது. குடும்பக் கட்டுப்பாட்டின் வெற்றியாக மட்டுமே இதைப் படிப்பது குறுகிய வாசிப்பு. பிள்ளைப்பேறுகளுக்கிடையே இடைவெளி கூடும்போது கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் நீடிக்கிறது, தம்பி தங்கையைத் தூக்கிச் சுமப்பதற்காகப் பள்ளியை விட்டு நிற்கும் மூத்த பெண்ணும் வகுப்பில் தொடர முடிகிறது. 1964-இல் இப்பணி, கிராமிய சுகாதார, குடும்பநலப் பயிற்சிக்கான தனி நிறுவனமாக நிலைபெற்றது.

திண்டுக்கல் 1985-இல்தான் தனி மாவட்டமாயிற்று; அதுவரை அதை உள்ளடக்கியிருந்த மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டியில் 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் கூடுதல் உணவளிக்கும் பொறுப்பு, அந்தந்த ஊரில் வறுமையிலும் தன் பிள்ளைகளை நன்கு வளர்த்த பெண்களிடமே தரப்பட்டது. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் தன் மையப் பணியிடங்களில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை அளித்தது. இவை காந்திகிராமத்திலிருந்து நேரே வந்தவை என்று சொல்வதற்கில்லை. எனினும் சேவிகாசிரமம் தேடிச் சேர்த்த அதே பெண்களைத்தான், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அரசும் மாநிலம் முழுவதும் தேடிச் சேர்த்தது.